உறுதியும் அல்ல, வெறும் தாளும் அல்ல: காரின் 'பிறீஃப்' வந்த கதை



யேர்மனியில் எங்கள் ஆட்கள் ஒரு பழைய கார் வாங்கினால், பார்க்க வருகிறவர்கள் டயரையும் எஞ்சினையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "பிறீஃப் ஆற்றை பேரில?" அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் காரின் சொந்தக்காரர் யார் என்பது தெரிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அப்படித் தெரிந்துவிடுவதில்லை. இந்த நாட்டில் அந்தத் தாளுக்கும் காரின் உரிமைக்கும் உள்ள தொடர்பு சிக்கலானது. அது எப்படி அப்படி ஆனது என்ற வரலாற்றைத்தான் இந்த மாத உரையில் சொல்ல வருகிறேன்.

பிறீஃப் என்றால் டொச்சு மொழியில் கடிதம். தபால்காரர் கொண்டுவருவதும் பிறீஃப், கைத்தொழிலில் தேர்ந்தவருக்குக் கொடுக்கும் பட்டயமும் 'மைஸ்ரர்பிறீஃப்'. எங்கள் பழைய தமிழில் 'ஓலை' என்ற சொல் இப்படித்தான் இருந்தது. மகளுக்கு எழுதியதும் ஓலை, காணி எழுதியதும் ஓலை, கடன் எழுதியதும் ஓலை. கார் வாங்கும்போது கைமாறுகிற 'ஃபார்ட்சொய்க்பிறீஃப்' என்பதை வாகன ஓலை என்று சொன்னாலும் பிழையில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களுக்கு உரிமை என்றதும் மனதில் வருவது காணி உறுதி. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த தோம்பிலிருந்து, 1707 இல் எழுத்தில் வந்த தேசவழமையிலிருந்து, நொத்தாரிசு முன்னால் எழுதும் உறுதி வரைக்கும் எங்கள் வழக்கம் ஒன்றுதான்: எழுத்து யாரிடமோ காணி அவருடையது. உறுதியை றங்குப்பெட்டியின் அடியில் வைத்து, வீட்டை விட்டு ஓடவேண்டி வந்தபோதும் முதலில் அதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடினோம். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தவர்கள் கார் பிறீஃபையும் ஓர் உறுதியாகவே பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

யேர்மனியிலும் காணிக்கு அப்படியொரு புத்தகம் உண்டு. 'குறுண்ட்புக்' என்ற காணிப் பதிவேட்டில் பெயர் ஏறாமல் இங்கே வீடு வாங்கியவர் வீட்டின் சொந்தக்காரர் ஆவதில்லை. காசு முழுவதும் கொடுத்துச் சாவி வாங்கிக் குடியிருந்தாலும் பதிவு ஏறுகிற நாள்தான் கணக்கு. ஆனால் காருக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது. பிளென்ஸ்பேர்க்கில் எல்லா வாகனங்களும் பதிவில் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் அந்தப் பதிவு சொல்வது வேறு ஒன்று. அதைப் புரிந்துகொள்ள 1900 ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

யேர்மனியின் குடியியல் சட்டக்கோவை 1900 யனவரி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. மன்ஹைம் நகரத்தில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886 இல். ஆகவே சட்டம் எழுதியவர்கள் காரைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் அல்ல. ஆனால் அது அப்போது பணக்காரரின் விளையாட்டுப் பொருள். அதற்கென்று தனி விதி எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டத்தின் பார்வையில் அசையும் பொருள் எல்லாம் ஒன்று. கதிரைக்கும் ஆட்டுக்கும் தைக்கிற மெசினுக்கும் உள்ள விதிதான் காருக்கும்.

அந்த விதி 929 ஆம் பிரிவில் இருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் உரிமை மாறவேண்டும் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். எழுத்து வேண்டாம், முத்திரை வேண்டாம், சாட்சியும் வேண்டாம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குக் கீழே விரல் பிடித்து விலைபேசிக் கயிற்றைக் கையில் கொடுக்கிற மாதிரியான ஒரு கைமாற்றம். இன்றைக்கும் யேர்மனியில் காரின் உரிமை மாறுவது இந்தச் சந்தை விதியால்தான். பதிவு அலுவலகத்தில் வரிசை எடுத்து நிற்பதால் அல்ல. இதை நான் சொன்னால் நம்பாதவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அப்படியானால் அலுவலகத்தில் எழுதுவது யாருடைய பெயரை? அங்கேதான் 'ஹால்ரர்' என்ற சொல் வருகிறது. வைத்திருப்பவர் என்று தமிழில் சொல்லலாம். 1909 மே 3 ஆம் திகதிய மோட்டார் வாகனச் சட்டம் இந்த மனிதரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. கார்கள் பெருகி, விபத்துகள் பெருகி, அடிபட்டவர்கள் நட்டஈடு கேட்டுப் போனபோது யாரைப் பிடிப்பது என்ற கேள்வி எழுந்தது. பணக்காரர்கள் சம்பளத்துக்குச் சாரதி வைத்திருந்த காலம் அது. ஏழைச் சாரதியைப் பிடித்து என்ன பயன்? ஆகவே வண்டியைத் தன் செலவில், தன் பயன்பாட்டுக்கு, தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் பொறுப்பு என்று சட்டம் சொன்னது. அவர் சொந்தக்காரராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அரசுக்கு வேண்டியது பொறுப்புச் சொல்ல ஓர் ஆள். உரிமை யாருடையது என்பது அரசின் கவலை அல்ல. இந்த இரட்டை நிலை நூறு வருடம் கடந்தும் அப்படியே இருக்கிறது.

பிறீஃப் வந்தது 1934 இல். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒரு வருடம் கழிந்த காலம். மோட்டார் போக்குவரத்தைப் பெருக்குவது அந்த ஆட்சியின் பெரிய பிரசாரம். கார் பெருகினால் களவும் பெருகும். தவணைக்குக் கார் விற்கிறவர்களுக்கு, காசு முடியமுதல் வாங்கியவர் அதை வேறு ஒருவருக்கு விற்றுவிடுவாரோ என்ற பயமும் பெருகும். காருக்கென்று ஒரு தனி ஓலை இருந்து, அது இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்று வைத்தால் இரண்டுக்கும் தடை போட்டதாகும். 1937 நவம்பர் 13 ஆம் திகதிய வாகன அனுமதி ஒழுங்கு அதை நிலைப்படுத்தியது. உரிமையையும் பிற உரித்துகளையும் காப்பதற்காக, அலுவலகத்தில் வாகனம் பற்றி எந்த வேலை செய்தாலும் பிறீஃப் காட்டப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. கவனியுங்கள், உரிமையைக் காப்பதற்காகத்தான்; உரிமையை நிறுவுவதற்காக என்று சொல்லப்படவில்லை. வேலி வேறு, காணி வேறு.

இந்த ஓலைக்கு நாலு வயதாகும்போது நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் எரிக்கப்பட்டன. சில வாரங்களில், டிசம்பர் 3 ஆம் திகதி, ஹிம்லரின் கட்டளை வந்தது. யேர்மனியக் குடியுரிமை கொண்ட யூதர்கள் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது. சாரதி அனுமதிப் பத்திரத்தையும் வாகனத்தின் பதிவுப் பத்திரங்களையும் அந்த வருட முடிவுக்குள் ஒப்படைக்க வேண்டும். வீடு வீடாகப் போய்க் காரைப் பறிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. தாளைப் பறித்தால் போதும். தாள் இல்லாத கார் ஓடவும் முடியாது, நியாய விலைக்கு விற்கவும் முடியாது. கொட்டிலுக்குள் நிற்கிற இரும்புதான்.

டிறெஸ்டன் நகரில் பேராசிரியராக இருந்து 1935 இல் வேலை பறிக்கப்பட்ட விக்ரர் கிளெம்பரர் என்பவரின் நாட்குறிப்புகள் 1995 இல் நூலாக வெளிவந்தன. வேலை போன பிறகு, ஐம்பது வயது கடந்த நிலையில், 1936 இல் கார் ஓட்டப் பழகி ஒரு பழைய ஓப்பல் வாங்கியவர் அவர். நடைபாதை வாங்கிலும் நூலகத்திலும் இடமில்லாமல் போய்க்கொண்டிருந்த மனிதருக்கும் மனைவிக்கும் அந்தக் கார் ஒரு மூச்சுவிடும் இடம். இந்தக் கட்டளையோடு அதுவும் முடிந்தது. அவருடைய குறிப்புகளில் வதைமுகாம் பற்றிய பயங்கரங்களோடு இந்தச் சின்னச் சின்னப் பறிப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உரிமையைக் காக்க வந்த தாள், அரசு நினைத்தால் உரிமையைக் கொல்கிற கருவியாகவும் ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. தாளை நம்பி வாழ்ந்து பழகிய, தாள் இல்லாமல் எல்லை கடந்தும் பழகிய எங்களுக்கு இது தூரத்துக் கதையாகப் படாது.

போர் முடிந்தது. நாடு இரண்டாகியது. மேற்கு யேர்மனியில் 1951 இல் கூட்டாட்சி மோட்டார் போக்குவரத்து அலுவலகம் உருவாகி டென்மார்க் எல்லைக்கு அருகில் பிளென்ஸ்பேர்க்கில் இருந்து வேலை செய்யத் தொடங்கியது. எங்கள் ஆட்களுக்கு அந்த ஊர்ப் பெயர் வேகமாக ஓடியதற்கு வருகிற புள்ளிகளோடுதான் பழக்கம். நாட்டில் உள்ள வாகனங்களின் மத்திய பதிவேடும் அங்கேதான்.

ஐம்பதுகளின் பொருளாதார வளர்ச்சியோடு தொழிலாளியும் கார் வாங்கத் தொடங்கினார். கையில் முழுக்காசு இல்லை, வங்கி கொடுத்தது. இங்கேதான் பிறீஃபின் இரண்டாவது வாழ்க்கை தொடங்குகிறது. வங்கி கடன் கொடுக்கும்போது காரின் உரிமையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளும். கார் எங்கள் வாசலில் நிற்கும், பெற்றோல் நாங்கள் அடிப்போம், கழுவுவதும் நாங்கள், ஹால்ரரும் நாங்கள். ஆனால் கடைசித் தவணை கட்டும்வரை சொந்தக்காரர் வங்கி. பிறீஃப் வங்கியின் பெட்டகத்தில் இருக்கும். எங்கள் ஊர் ஒற்றிக்கு இது கிட்டத்தட்டத் தலைகீழ். ஒற்றியில் காணி காசு கொடுத்தவரின் அனுபவிப்பில் இருக்கும், உரிமை எங்களிடம் இருக்கும். இங்கே அனுபவிப்பு எங்களிடம், உரிமை காசு கொடுத்தவரிடம்.

கிழக்கு யேர்மனியின் கதை வேறு. அங்கே காசு இருந்தாலும் கார் இல்லை. ஒரு ட்ராபான்ற் காருக்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆகவே பழைய கார் புதிய காரைவிட விலை கூட. பிள்ளைக்குப் பதினெட்டு வயது வந்ததும் பெயரைப் பதிந்துவிடுவார்கள். அந்த முன்பதிவே காசுபெறுமதி உள்ள பொருளாகிக் கைமாறியது. வராத காருக்கே ஒரு தாள், அந்தத் தாளுக்கும் ஒரு சந்தை.

எண்பதுகளில் எங்கள் ஆட்களில் பலர் கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி மேற்கு பேர்லினுக்குள் வந்தார்கள். அகதி விண்ணப்பம் போட்டவர் தனக்கு விதிக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது என்ற 1982 ஆம் ஆண்டுச் சட்டம் இருந்த காலம். அப்படி இருந்தும் கார் வாங்கினார்கள். பழைய ஓப்பல் கடெற், ஃபோர்ட் எஸ்கோர்ட். நாலு பேர் காசு போட்டு வாங்கியது, அனுமதி கிடைத்த ஒருவர் பெயரில் பதிந்து மற்றவர் ஓட்டியது, மச்சானுக்கு என்று எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தது, இப்படி எத்தனையோ. ஊரில் தொண்ணூறுகளில் பழைய ஏ 40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. இங்கே நாங்கள் மற்றவரின் பெயரில் ஓடப் பழகிக்கொண்டிருந்தோம்.

பிறகு பிள்ளைகள் வளர்ந்து பதினெட்டு வயதானபோது இன்னொரு வழக்கம் வந்தது. இளம் சாரதிக்குக் காப்புறுதி மிகவும் கூட. தகப்பனுக்கு விபத்தில்லாத வருடங்களின் தள்ளுபடி இருக்கும். ஆகவே கார் அப்பா பெயரில், ஓட்டுவது மகன். வாங்கியது யாருடைய காசு என்பது குடும்பத்துக்குள் ஒரு நினைவு மட்டும். பகை வராதவரை இதில் ஒரு குறையும் தெரியாது. மொழிபெயர்ப்புக்கு என்று நான் கூடப்போன சில குடும்பப் பிரிவினைகளில் கடைசியில் வந்து நின்ற சண்டை கார் பற்றியது. "பிறீஃபில என்ரை பேர்தான் இருக்கு" என்று ஒருவர் மேசையில் தாளைப் போடுவார். வழக்கறிஞர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காசு யாருடைய கணக்கில் இருந்து போனது, யாருக்காக வாங்கியது, சாவி யாரிடம் இருந்தது, வாங்கும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர் யார் என்று கேட்கத் தொடங்குவார். பெயர் ஒரு சான்று. முடிவு அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் நல்ல விலைக்கு ஒரு கார் கண்டார். விற்றவர் சாவி கொடுத்தார், 'ஷைன்' என்ற சிறிய பதிவுத்தாளையும் கொடுத்தார். பிறீஃப் வீட்டில் எங்கேயோ இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன் என்றார். காசு கைமாறியது. தபால் வரவில்லை. பிறீஃப் ஒரு வங்கியிடம் இருந்தது, அடுத்த கிழமை வங்கி காரைத் தேடி வந்தது. நண்பர் சொன்ன நியாயம் எங்கள் எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது: நான் காசு கொடுத்தேன், நம்பி வாங்கினேன். ஆனால் யேர்மனிய நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாக ஒரே பதிலைச் சொல்லி வருகின்றன.

அந்தப் பதில் 932 ஆம் பிரிவில் இருந்து வருகிறது. சொந்தக்காரர் அல்லாத ஒருவரிடம் வாங்கினாலும், வாங்கியவர் நல்ல நம்பிக்கையோடு வாங்கியிருந்தால் அவர் சொந்தக்காரர் ஆகிவிடுவார். இது எங்கள் மனதுக்கு அதிர்ச்சியான விதி. ஆனால் கவனயீனமாக வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய கார் வாங்கும்போது பிறீஃபைக் கேட்டுப் பார்க்காமல் வாங்குவது பெரும் கவனயீனம் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. உரிமையை நிறுவாத ஒரு தாள், அதைப் பார்க்காமல் விட்டால் உரிமை கிடைக்காமல் செய்துவிடுகிறது. சட்டக்கோவை எழுதியவர்கள் விட்ட இடைவெளியை நீதிபதிகள் இந்தத் தாளைக் கொண்டு அடைத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்னொன்றும் உண்டு: காரின் உரிமை யாருக்கோ தாளின் உரிமையும் அவருக்கே என்பது இங்குள்ள கொள்கை. எங்கள் உறுதியில் தாளைத் தொடர்ந்து காணி போகும். இங்கே காரைத் தொடர்ந்து தாள் போகும்.

தாளைப் பார்த்துத்தான் வாங்கினோம், ஆனால் அது கள்ளத் தாள் என்றால்? கார்ல்ஸ்றூகவில் உள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்துக்கு அப்படிப்பட்ட வழக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2020 செப்ரெம்பர் 18 ஆம் திகதி தீர்ப்பான ஒன்று சுவாரசியமானது. ஒரு கார் விற்பனை நிலையத்துக்கு வந்தவர் போலி அடையாளப் பத்திரங்களைக் காட்டி, ஒரு மெர்செடஸ் வாகனத்தைத் தனியாக ஒரு மணி நேரம் ஓட்டிப்பார்க்கக் கேட்டார். கொடுத்தார்கள். திரும்பி வரவில்லை. அந்த வாகனத்தை ஒரு குடும்பம் இணையத்தில் பார்த்து, போலிப் பத்திரங்களை நம்பி, 46,500 யூரோ கொடுத்து வாங்கியது. கார் யாருடையது?

களவுபோன பொருளை எவ்வளவு நல்ல நம்பிக்கையோடு வாங்கினாலும் அது வாங்கியவருக்குச் சொந்தமாகாது என்று 935 ஆம் பிரிவு சொல்கிறது. விற்பனை நிலையம் அதைத்தான் பிடித்தது. நீதிமன்றமோ, இது களவுபோனது அல்ல, நீங்களாகவே சாவியைக் கையில் கொடுத்து அனுப்பினீர்கள் என்றது. ஏமாந்து கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். கார் குடும்பத்துக்கே சொந்தம் என்று முடிந்தது. வீதியில் நிறுத்திய கார் பூட்டுடைத்துப் போயிருந்தால் தீர்ப்பு நேர் எதிராக வந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்து, 2022 செப்ரெம்பர் 23 ஆம் திகதி இன்னொரு தீர்ப்பு. குத்தகை நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான மெர்செடஸ் காரை, இத்தாலியில் உள்ள ஒரு நிறுவனம் இடைத்தரகர் மூலம் வாங்கியிருந்தது. அசல் பத்திரம் குத்தகை நிறுவனத்திடமே பத்திரமாக இருந்தது. வாங்கியவர்களோ, எங்களுக்கும் ஒரு பத்திரம் காட்டினார்கள், அது போலி என்று எங்களுக்குத் தெரியாது என்றார்கள். காட்டினார்களா இல்லையா என்பதை யார் நிரூபிப்பது? வாங்கியவருக்கு நல்ல நம்பிக்கை இருக்கவில்லை என்று சொல்கிற பழைய சொந்தக்காரர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அவரால் முடியவில்லை. கடைசியில் உண்மையான பத்திரத்தை அவரே வாங்கியவரிடம் கொடுக்கவேண்டி வந்தது. அசல் ஓலையைப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தவர் காரை இழந்தார். யாழ்ப்பாணத்து நொத்தாரிசு ஒருவரிடம் இதைச் சொன்னால் தலையில் கை வைப்பார்.

இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் முன்பே தாளே மாறிவிட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999 ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 2005 ஒக்ரோபர் 1 ஆம் திகதி முதல் பழைய ஷைன், அனுமதிச் சான்றிதழ் பகுதி 1 ஆகவும், பழைய பிறீஃப் பகுதி 2 ஆகவும் ஆகின. அலுவலகத்தில் பழைய பிறீஃபின் மூலையை வெட்டிச் செல்லாததாக்கினார்கள். பேச்சில் இன்னமும் பிறீஃப்தான். பகுதி இரண்டைக் கொண்டுவந்தாயா என்று எங்கள் ஆட்கள் ஒருவரும் கேட்பதில்லை, டொச்சுக்காரரும் கேட்பதில்லை.

பழைய பிறீஃபில் ஆறு பேர் வரை பெயர் எழுத இடம் இருந்தது. அதை விரித்தால் காரின் வம்சவரலாறு தெரியும்: முதலில் ஒரு நிறுவனம், பிறகு ஒரு மருத்துவர், பிறகு பக்கத்து ஊர் மாணவர், பிறகு நாங்கள். புதிய தாளில் இரண்டு பேருக்குத்தான் இடம். முன்பு எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர்கள் போய்விட்டன. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு அது நல்லது என்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு அது நட்டம் என்பது என் எண்ணம். முந்தியவருக்கு ஒரு தொலைபேசி எடுத்து, அண்ணை இந்தக் கார் எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்க இருந்த வழி அடைபட்டுப் போனது.

புதிய தாளில் ஒரு சின்ன வரி இருக்கிறது. சி.4சி என்ற குறியீட்டோடு, இந்தச் சான்றிதழை வைத்திருப்பவர் வாகனத்தின் சொந்தக்காரர் என்று இதனால் காட்டப்படவில்லை என்ற பொருளில் அச்சிட்டிருக்கும். உங்கள் தாளை எடுத்து ஒருக்கால் பாருங்கள். ஐரோப்பிய நெறிமுறை நாடுகளுக்கு மூன்று தெரிவுகளைக் கொடுத்தது: இவர் சொந்தக்காரர் என்று எழுதலாம், இவர் சொந்தக்காரர் அல்லர் என்று எழுதலாம், அல்லது அதைப் பற்றி இந்தத் தாள் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதலாம். யேர்மனி மூன்றாவதை எடுத்தது. 1900 இல் தொடங்கிய கதைக்கு அதுதான் பொருத்தம்.

எங்கள் நாட்டில் இதை வேறு விதமாகக் கையாள்கிறார்கள். இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், தவணைக்கு வாங்கிய வாகனத்தில் பதிவுசெய்த சொந்தக்காரர் ஒருவர், முற்றான சொந்தக்காரர் என்று நிதி நிறுவனம் இன்னொருவர், இருவரையும் ஒரே பதிவில் எழுதிவிடுவார்கள். யேர்மனி பெட்டகத்தில் ஒளித்து வைப்பதை இலங்கை தாளிலேயே எழுதுகிறது. இந்த விடயத்தில் இலங்கை முறை நேர்மையானது என்பேன். ஆனால் பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, திகதியும் பெயரும் போடாமல் கைமாறிக் கைமாறிப் போகிற 'ஓப்பின் பேப்பர்' வியாபாரமும் அங்கேதான் இருந்தது. நாலாவது ஆள் விபத்துச் செய்தால் பொலிஸ் முதலாவது ஆளின் கதவைத் தட்டும்.

இந்தியாவில் அதே பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பெப்ரவரியில், நவீன்குமார் எதிர் விஜய்குமார் என்ற வழக்கில், கார் ஒருவரிடம் இருந்து மற்றொருவருக்கு என்று பல கை மாறியிருந்தாலும், பதிவில் பெயர் மாறாதவரை பதிவில் இருப்பவரே விபத்து நட்டஈட்டுக்குச் சொந்தக்காரராகக் கருதப்படுவார் என்று தீர்ப்பு வந்தது. விற்றுக் காசை வாங்கி மறந்துபோனவர் தலையில் அது விழுந்தது.

யேர்மனியில் விற்றவர் அவ்வளவு தூரம் மாட்டுவதில்லை. காரோடு காப்புறுதியும் வாங்கியவரிடம் போய்விடும். ஆனால் தாமதமில்லாமல் பதிவு அலுவலகத்துக்கு விற்பனை அறிவித்தல் அனுப்ப வேண்டும்; வாங்கியவரின் பெயர், முகவரி, பத்திரங்களைப் பெற்றுக்கொண்டேன் என்ற அவருடைய கையெழுத்து, எல்லாம் அதில் வேண்டும். அனுப்பாவிட்டால் வாகன வரி பழையவர் பேரிலேயே ஓடும். 2014 முதல் அந்த வரியை அறவிடுவது சுங்கத் திணைக்களம். அவர்களுக்கு எங்கள் மச்சான், சகலன் முறையெல்லாம் விளங்காது. அடையாளம் தெரிந்தவருக்கு விற்கும்போதுதான் எங்கள் ஆட்கள் இந்தக் கடதாசியை எழுதக் கூச்சப்படுகிறார்கள். தெரியாத ஆளிடம் நாலு பக்க ஒப்பந்தம் எழுதுவோம், தெரிந்தவரிடம் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சாவியைக் கொடுப்போம்.

அரசுக்கு ஹால்ரரே முக்கியம் என்பதை 2009 இல் எல்லோரும் கண்டோம். ஒன்பது வயதுக்குக் குறையாத பழைய காரை நொருக்கக் கொடுத்துப் புதியது வாங்கினால் 2,500 யூரோ என்று அரசு அறிவித்தது. நிபந்தனைகளில் ஒன்று, பழைய கார் குறைந்தது ஒரு வருடமாவது விண்ணப்பிப்பவர் பெயரில் பதிவில் இருந்திருக்க வேண்டும் என்பது. காசு கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, பதிவில் யார் என்றுதான் கேட்டார்கள். தம்பி பெயரில் கிடந்த காருக்கு அண்ணன் விண்ணப்பிக்க முடியாமல் போன வீடுகள் எங்களுக்குள் இருந்தன. ஏறத்தாழ இருபது இலட்சம் கார்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது.

2024 ஆம் ஆண்டில் யேர்மனியில் புதிதாகப் பதிவான கார்கள் ஏறத்தாழ 28 இலட்சம். பழைய கார்களில் பெயர் மாறியவை ஏறத்தாழ 65 இலட்சம். புள்ளிவிபரத்தில் இந்த மாற்றத்துக்கு அவர்கள் எழுதுகிற சொல் 'பெசிற்ஸும்ஷ்றைபுங்'. உடைமை மாற்றி எழுதுதல் என்பது பொருள். உரிமை என்ற சொல்லை அங்கேயும் தவிர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது வரிசையில் நிற்கவும் தேவையில்லை. 2015 இல் கார்ப் பதிவை இணையத்தில் நீக்கும் வசதி வந்தது, 2019 ஒக்ரோபரில் பெயர் மாற்றமும் வந்தது. 2023 செப்ரெம்பர் முதல், இணையத்தில் பதிந்த உடனேயே கிடைக்கிற ஆவணத்தை அச்சிட்டு வைத்துக்கொண்டு பத்து நாள் வரை ஓட்டலாம். முத்திரைகளும் புதிய தாள்களும் தபாலில் வரும். 2018 க்குப் பிறகு வழங்கிய பகுதி 2 இல், சுரண்டினால் தெரிகிற ஒரு இரகசிய எண் உண்டு. தொலைபேசி மீள்நிரப்பு அட்டையைச் சுரண்டுவோமே, அப்படித்தான். பெயர் மாற்றுகிறவர் அதைச் சுரண்டி எண்ணைக் கணினியில் கொடுக்க வேண்டும். 1934 இல் வந்த ஓலையை இன்னமும் கையில் வைத்திருந்தால்தான் அந்த எண்ணையும் பார்க்க முடியும்.